ஒருவரும் எழுந்து போகாத வாக்கியம்

மூன்று வரிதான். மூன்று வரி எழுத ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும், ஐந்து நிமிடம், பேனையில் மை இறங்காவிட்டால் ஆறு, ஆனால் புவனேந்திரனிடம் அந்த மூன்று வரியும் ஒன்பது நாளாகக் கிடக்கின்றன, நெஞ்சுக்குள் இல்லை, தொண்டைக்கும் கைக்கும் நடுவில் எங்கேயோ, விழுங்கின மாத்திரை இறங்காமல் நிற்கிற மாதிரி. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடமாகிவிட்டது. பன்னிரண்டுக்கு முடியும். கீழே சாப்பாட்டுக்கூடத்தில் வதனி காத்திருப்பாள், இப்போதே வந்திருப்பாள், எதற்கும் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து குந்துகிறவள் அவள், கடிதத்தை அவள் கையில் கொடுக்க வேண்டும், மூன்று மணிக்குள் அவள் அதைச் சட்டத்தரணியிடம் சேர்க்க வேண்டும், சேர்த்தால் வியாழக்கிழமை விமானத்தில் ஏற்றி அனுப்ப இருக்கிற அவளுடைய தமையன் நகுலேசனை ஏற்றாமல் விடக்கூடும், விடாமலும் போகக்கூடும், சேர்க்காவிட்டால் ஏற்றுவார்கள், அதில் மட்டும் சந்தேகமில்லை. சட்டத்தரணி ஒரு பஞ்சாபிப் பெண், கண்ணைப் பார்த்துக் கதைக்கிறவள், ஒளிக்கத் தெரியாதவள். உங்கள் சொந்த எழுத்தில், சொந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள், பிழை இருந்தாலும் பரவாயில்லை, அதற்குத்தான் மதிப்பு என்றாள். பிறகு பேனையை மூடிவிட்டு இன்னொன்றும் சொன்னாள், இதை எழுதினால் உங்களுக்கு ஆபத்து, உங்கள் பத்திரங்களைத் திரும்பப் பார்ப்பார்கள், எத்தனை வருசமானாலும் பார்ப்பார்கள், உங்கள் மனைவி உங்கள் பெயரில் வந்தவர், அதைச் சொல்லாமல் உங்களிடம் கையெழுத்து வாங்கினால் அது நான் செய்கிற பிழை. அவள் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று அவனுக்கு அன்றைக்கு ஆத்திரம் வந்தது. தெரியாமல் செய்கிற நல்ல காரியத்துக்கு மனிதனை இந்த உலகம் விடுவதில்லை.

வெள்ளைப் பலகையில் பேராசிரியை ஹார்க்னஸ் ஏணி மாதிரி ஒன்று கீறிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும், ஒரு காலத்தில் ஏதோ தூதரகத்தில் இருந்தவளாம், இப்போது இந்தச் சமூகக் கல்லூரியில் செவ்வாயும் வெள்ளியும் சர்வதேசக் கற்கைகள் சொல்லிக்கொடுக்கிறாள், முன்னால் இருக்கிறவர்களில் பாதிப்பேர் வேலை முடிந்து வந்தவர்கள், மீதிப்பேர் வேலைக்குப் போகப்போகிறவர்கள். ஏணியின் கீழ்ப்படியில் 'கவனத்தில் கொள்கிறது' என்று எழுதினாள், அதற்கு மேல் 'நினைவுகூர்கிறது', அதற்கு மேல் 'கவலை கொள்கிறது', பிறகு 'ஆழ்ந்த கவலை கொள்கிறது', பிறகு 'வருந்துகிறது', உச்சியில் 'கண்டிக்கிறது'. உச்சிப்படிக்கு ஒருவரும் ஏறுவதில்லை, ஏறினால் எதிர்ப்பக்கம் எழுந்து போய்விடும் என்றாள். இன்றைக்கு இதுதான் பயிற்சி. ஒரு ஆறு, இரண்டு நாடுகள், மேலே இருக்கிற நாடு அணை கட்டிவிட்டது, கீழே இருக்கிற நாட்டில் வயல் எரிகிறது. ஒருவரும் எழுந்து போகாத மாதிரி மூன்று வாக்கியம் எழுதுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், நடத்தினவரைச் சொல்லாதீர்கள். இருபத்தைந்து நிமிடம். புவனேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது, வாய்க்கு வராத சிரிப்பு. இங்கேயும் மூன்று. பக்கத்தில் இருந்த ஹோதான் குனிந்து, "நீ எந்த நாடு, மேலேயா கீழேயா?" என்று கேட்டாள். சோமாலியாக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை, நான்கு பிள்ளைகளின் தாய், வகுப்பில் அவனோடு பேசுகிற ஒரே ஆள். "தெரியாது" என்றான். "உன் முகத்தைப் பார்த்தால் அணைக்குள்ளே விழுந்தவன் மாதிரி இருக்கு. நித்திரை கொண்டாயா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினான். இரவு முழுக்கப் பொதி பிரிக்கிற கிடங்கில் நின்றுவிட்டு நேரே வந்திருந்தான், பதினான்கு வருசமாக அந்த வேலை, பெட்டிகள் பட்டியில் ஓடி வரும், சீட்டைப் பார்த்துக் கூண்டில் எறிய வேண்டும், பிரேசில் என்றால் ஏழு, எகிப்து என்றால் இருபத்திரண்டு, இலங்கை தனிக்கூண்டு இல்லை, 'ஏனைய ஆசியா' என்று நாற்பத்தொன்று. அந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆசை பிடித்தது, எந்த நாடு எதன் பக்கத்தில், எதற்காக அடிபட்டது, யார் எல்லைக்கோட்டைக் கீறினது என்று இடைவேளையில் வாசிக்கத் தொடங்கி, நூலகத்துக்குப் போய், கடைசியில் நாற்பத்தாறு வயதில் இங்கே வந்து கதிரையில் இருக்கிறான். "உலகத்தை வைச்சு என்ன செய்யப் போறியள், முதல்லை வீட்டுக் குழாயைத் திருத்துங்கோ" என்று கௌசலா சொன்னாள், சொல்லிவிட்டு முதல் தவணைக்கான புத்தகங்களை அவளே வாங்கிக்கொண்டு வந்தாள். அவனுக்கு வேண்டியிருந்தது உலகம் இல்லை. ஒரு மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்கள் இந்தப்பக்கம் இருக்கிறவனை எப்படி நிறுக்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. அவனை ஏன் நம்பினார்கள் என்று.

நிறுக்கிறது. அந்தச் சொல் வந்தால் எல்லாம் வரும். கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் எட்டுக்குப் பத்து அறை, ஒரு கட்டில், இரண்டு பேர், மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று ஆறு மாதம் இழுத்தடித்தான், அந்த ஆறு மாதமும் நகுலேசன் கட்டிலின் இடது பக்கத்தில் படுத்தான், இடது காது கேட்காது, கேட்கிற காதைப் புவனேந்திரன் பக்கம் வைத்துக்கொண்டு படுப்பான். வவுனியாவில் மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையின் பின்பக்கத்தில் அவனைப் பிடித்து வைத்திருந்தார்களாம், இருபத்து மூன்று நாள். மூட்டை நிறுக்கிற தராசு இன்னும் கொக்கியோடு தொங்கியதாம், கிழமைக்கு ஒருக்கால் அவனைக் கட்டித் தூக்கி நிறுத்து, சுவரில் சோக்கால் எழுதுவார்களாம், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்று. எழுதிறவன் வடிவான கையெழுத்துக்காரனடா என்று நகுலேசன் சொன்னான், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி எழுதுவான், அதுதான் எனக்குப் பயம். புவனேந்திரனுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பயந்தான், அவ்வளவுதான், இரவில் வாகனச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போனான், தெருவில் பிடிபட்ட இரண்டு பேரைத் தெரியும், அடுத்தது தான் என்று நம்பினான், அது பொய்யில்லை. ஆனால் கனடாவுக்கு வந்து இறங்கி, அகதிக் கேஸ் எழுதுகிறவருக்கு முன்னால் இருந்தபோது, அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார், "தம்பி, உம்மடை கதையிலை ஒண்டுமில்லை. பயமெண்டது காணாது. பயம் எல்லாருக்கும் இருக்கு, எனக்கும்தான் இருக்கு. உடம்பிலை ஏதும் நடந்ததோ?" அவர் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனார். அவர் திரும்பி வர எடுத்த நேரம் இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் தராசு வந்தது, கொக்கி வந்தது, சோக்கு வந்தது. எண்களையாவது மாற்றியிருக்கலாம். பதினைந்து வருசமாக அவன் மனம் வந்து முட்டிக்கொண்டு நிற்கிற இடம் இது, சுவரில் முட்டுகிற பூச்சி மாதிரி, எண்களையாவது மாற்றியிருக்கலாம், ஐம்பத்தெட்டுக்கு அறுபத்திரண்டு என்று, ஆலைக்குப் பதிலாகக் கூட்டுறவுச் சங்கக்கடை என்று. மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்றால், எண்களைச் சொன்னபோதுதான் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு விலை உண்டு என்று அவனுக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்தது, வேறு யாரோ அந்த விலையைக் கொடுக்கப்போகிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

தெரியவில்லையா. தெரிந்திருக்கும். நகுலேசன் வருவான் என்று தெரியும், ஏஜென்சிக்காரன் மாறினால் வருவான், வந்தால் அவனும் ஒரு மேசைக்கு முன்னால் இருப்பான், அவனிடம் இருக்கிறது அந்த ஒரே கதைதான், ஏனென்றால் அது நடந்தது. இரண்டு வருசம் கழித்து வந்தான். அதே நகரம், அதே கட்டடம், அதே கொக்கி, அதே எண்கள். இந்த வாக்குமூலம் எங்களுக்குப் புதிதல்ல என்று நிராகரித்த தீர்ப்பில் எழுதியிருந்ததாம், ஆட்களை அனுப்புகிறவர்கள் ஒரே கதையைப் பலருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றும், விண்ணப்பதாரர் அதை மனப்பாடம் செய்தவர் போல எண்களைத் தடுமாறாமல் சொல்கிறார் என்றும். தடுமாறாமல். தன்னுடைய எடையை ஒருவன் எப்படித் தடுமாறிச் சொல்லுவான். அந்தத் தீர்ப்பு வந்த கிழமை நகுலேசன் வீட்டுக்கு வந்தான், கௌசலா புட்டு அவித்திருந்தாள், சாப்பிட்டான், மகள் அபிரா அப்போது கைக்குழந்தை, தூக்கி வைத்திருந்தான், கேட்கிற காதைப் புவனேந்திரன் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தான், ஏதாவது சொல்லுவான் என்று. புவனேந்திரன் காலநிலையைப் பற்றிச் சொன்னான். படியில் இறங்கும்போது நகுலேசன் சொன்னது இவ்வளவுதான், "நான் உன்ரை பேர் சொல்லேல்லை. யாரிட்டைச் சொன்னனீர் எண்டு கேட்டவை, மறந்துபோச்சு எண்டு சொல்லிப்போட்டன்." பிறகு பத்து வருசத்துக்கு மேல் அவன் பத்திரமில்லாமல் இந்த நகரத்துக்குள்ளேயே இருந்தான், ஒரு வெதுப்பகத்தின் பின்வாசலில், ஒரு நிலவறையில், பிறகு இன்னொரு நிலவறையில், போன மாதம் வாகனத்தை மறித்த பொலிஸ்காரன் பெயரைக் கேட்டு, தடுப்புக்காவலுக்கு அனுப்பும்வரை. இந்தப் பத்து வருசத்தில் ஒரு தரமாவது புவனேந்திரன் அவனோடு பேசியிருக்கிறானா என்று கேட்டால், இரண்டு தரம். ஒன்று ஒரு கல்யாணவீட்டில், கைகழுவுகிற இடத்தில், "எப்பிடி மச்சான்" என்றான், "இருக்கிறன்" என்றான் நகுலேசன். மற்றது தொலைபேசியில், பிழையாக அழைத்துவிட்டான், வைத்துவிட்டான். பிழையாக அழைத்தது நகுலேசன் இல்லை.

"எழுதுகிறாயா, கனவு காண்கிறாயா?" என்று ஹோதான் முழங்கையால் இடித்தாள். அவள் ஏற்கெனவே இரண்டு வாக்கியம் முடித்திருந்தாள், மேலே இருக்கிற நாட்டை நேரே திட்டியிருந்தாள், "எனக்கு இந்த மென்மை வராது. என் ஊரில் ஒட்டகத்தைத் திருடினவனைத் திருடன் என்றுதான் சொல்லுவோம்" என்றாள். பதினொன்று இருபத்தெட்டு. தாளை எடுத்தான். நான் என்று எழுதினான். பிறகு பேனை நின்றது. நான் என்ற சொல் அவ்வளவு பெரிய தாளில் தனியாக நின்றது, மறித்து நிறுத்தப்பட்டவன் மாதிரி. வதனி ஒன்பது நாளுக்கு முன் கிடங்கின் வாசலில் வந்து நின்ற மாதிரி, பனியில், தலையில் முக்காட்டோடு, அவன் வேலைக்குள் போக ஐந்து நிமிடம் இருந்தபோது. "அண்ணை, நான் சண்டை பிடிக்க வரேல்லை" என்றுதான் தொடங்கினாள். "அவனுக்குத் தெரியாது நான் வந்தது. தெரிஞ்சால் என்னோடை கதைக்க மாட்டான். உங்களை ஒண்டும் செய்யச் சொல்லிக் கேக்கேல்லை, நடந்ததை மட்டும் எழுதித் தாங்கோ." நடந்ததை மட்டும். அவன் சரி என்றான், சரி என்பது வாயிலிருந்து எவ்வளவு இலகுவாக வருகிறது. வீட்டில் கௌசலா நான்காம் நாள் உடுப்பு மடித்துக்கொண்டே, "எழுதுங்கோ. எழுதாட்டி நீங்கள் மனிசன் இல்லை" என்றாள், சேட்டின் கையை மடித்து, நெஞ்சுப்பக்கத்தைத் தடவி நேராக்கி, "ஆனால் அபிராவுக்கு ஆர் சொல்லுறது, அம்மாவும் அப்பாவும் திரும்பப் போகினம், நீ இங்கை நில் எண்டு, அதையும் ஒருக்கால் யோசியுங்கோ" என்றாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் மற்றதை அவன் செய்திருப்பான்.

அபிரா போன கிழமை இதே பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்பா, நாடு இல்லாத ஆட்கள் என்று ஒரு அத்தியாயம் இருக்கு, அது எங்களைப் பற்றியா என்று கேட்டாள், இல்லையம்மா, அது வேறை ஆட்கள் என்றான். வேறை ஆட்கள். நகுலேசன் மாதிரி, நிலவறையில் மேலே நடக்கிறவர்களின் காலடியைக் கேட்கிற காதால் கேட்டுக்கொண்டு. தாளில் நின்ற நான் என்ற சொல்லை வெட்டினான். பலகையைப் பார்த்தான். ஏணி அங்கே நின்றது, வழுக்காத படிகளோடு, ஒவ்வொரு படியிலும் யாரோ படித்த மனிதர்கள் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள், கொலைகளைக் கண்டவர்கள், ஊர்கள் எரிந்ததைக் கண்டவர்கள், எல்லோரும் அங்கே நின்று ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அவன் எழுதத் தொடங்கினான். ஆச்சரியமாக இருந்தது, கை ஓடியது, ஆங்கிலம் வந்தது, முதலாம் தவணை முழுக்கப் படித்தது எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றது. நகுலேசனும் நானும் ஒரே காலத்தில் கொழும்பில் ஒரே அறையில் தங்கியிருந்ததை நினைவுகூர்கிறேன். அக்காலத்தில் அந்த அறையில் பல அனுபவங்கள் பகிரப்பட்டன. இரண்டு வாக்குமூலங்களுக்கும் இடையே காணப்படும் ஒற்றுமை குறித்து ஆழ்ந்த கவலை கொள்கிறேன். மூன்று வரி. ஒரு பொய்யும் இல்லை. எந்த நீதிமன்றத்திலும் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யலாம். கடிதம் எழுதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, எழுதினதைக் கொண்டு யாரும் அவனை ஒன்றும் செய்ய முடியாது, நகுலேசனுக்கு இது உதவவும் கூடும், ஒரே அறை என்று இருக்கிறதே, கெட்டிக்காரத் தீர்ப்பாளர் என்றால் ஒரே அறையிலிருந்து மிச்சத்தைப் பிடித்துக்கொள்வார், பிடித்துக்கொள்ளலாம், பிடித்துக்கொள்ளக்கூடும். நிழல் ஒன்று தாளில் விழுந்தது. பேராசிரியை பின்னால் நின்றாள். அவன் கையை வைத்து மறைக்கப் போனான், நடுவரி மட்டும் விரல்களுக்கு வெளியே நின்றது. அவள் குனிந்து அதை வாசித்தாள். "பகிரப்பட்டன" என்றாள் மெல்ல. "மிக நல்லது. யார், யாரிடம் என்று ஒருவரும் கேட்க முடியாது. உனக்கு இது கைவந்துவிட்டது." அவள் தோளில் இலேசாகத் தட்டிவிட்டு ஹோதானின் தாளுக்குப் போனாள். இவ்வளவு நாளில் இந்தக் கல்லூரியில் அவனை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தரம், அவமானமாக, ஒரு கணம், சந்தோசமாக இருந்தது.

கீழே சாப்பாட்டுக்கூடத்தில் வதனி மூலை மேசையில் இருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. முன்னால் ஒரு தேத்தண்ணி, குடிக்காமல் ஆறிப்போய், பிளாஸ்டிக் கோப்பு ஒன்று, உள்ளே தமையனின் பழைய தீர்ப்பு. சுற்றிவர மத்தியானச் சாப்பாட்டு இரைச்சல். "வகுப்பு முடிஞ்சுதோ அண்ணை? சாப்பிட்டியளோ?" என்றாள். "பிறகு சாப்பிடுறன்" என்றான். தாளை எடுத்து வைத்தான், அவளுக்கு முன்னாலேயே கையெழுத்து வைத்தான், திகதி போட்டான். அவள் தாளைத் தொடவில்லை, அதைச் சுற்றி மேசையைக் கையால் துடைத்தாள். "எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. ஒருக்கால் தமிழிலை சொல்லுங்கோவன்." அவன் தாளைப் பார்த்தான். பிறகு, ஏன் என்று தெரியாமல், தாளில் இல்லாததைச் சொன்னான். "வெள்ளவத்தையிலை ஒரே அறையிலை இருக்கேக்கை நகுலேசு தனக்கு நடந்ததெல்லாத்தையும் எனக்குச் சொன்னவன். நான் இங்கை வந்து அதை எனக்கு நடந்ததெண்டு சொன்னனான். அது அவன்ரை. என்ரை இல்லை." பதினைந்து வருசத்தில் இந்த மூன்று வாக்கியமும் ஒரு தரமும் சத்தமாக வந்ததில்லை, வந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, பக்கத்து மேசையில் யாரோ கதிரையை இழுத்தார்கள். வதனி அழவில்லை. "எந்த வரி அது, அவன்ரை எண்டு இருக்கிறது?" என்றாள். அவன் மூன்றாவது வரியைக் காட்டினான். அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள், அழுத்தாமல், சூடு பார்க்கிற மாதிரி. "இதைத்தான் அவன் கேக்கோணும் அண்ணை. அனுப்பினாலும் பரவாயில்லை, இதைக் கேட்டுட்டுப் போகட்டும். பின்னேரம் உள்ளையிருந்து கோல் எடுப்பான், போட்டுக் காட்டுறன்." போனை எடுத்தாள், எதையோ அமுக்கினாள், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். "இன்னொருக்கால் வாசியுங்கோ."

திரையில் விநாடிகள் ஓடத் தொடங்கின. போனில் ஏறுகிற குரல் போனிலேயே இருக்காது, சட்டத்தரணிக்குப் போகும், தட்டச்சில் ஏறும், மேசைக்கு அந்தப்பக்கம் போகும், அங்கே ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அவன் தாளைக் கையில் எடுத்தான். தாளில் உள்ளதையே வாசித்தான், ஒவ்வொரு சொல்லாக, தமிழில். ஒரே அறையில் தங்கியிருந்ததை நினைவுகூருகிறன். பல அனுபவங்கள் பகிரப்பட்டன. ஒற்றுமை குறித்து ஆழ்ந்த கவலை. ஆங்கிலத்தில் அவ்வளவு வழுவழுப்பாக இருந்தது தமிழில் வாய்க்குள் கல்லாகக் கிடந்தது. முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வதனி கேட்டாள், "அண்ணை, முந்தி வேறை மாதிரியெல்லோ சொன்னனீங்கள்?" "இங்கிலீசிலை அப்பிடித்தான் எழுதுறது" என்றான். "மூண்டாவது வரியிலை என்ன இருக்கு?" "கவலை." "ஆற்றை கவலை?" அவன் தாளை மேசையில் வைத்தான். அவள் போனை நிறுத்துவாள் என்று பார்த்தான், நிறுத்தவில்லை, அவன் பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தாள். "சரி. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். போனிலை ஏறுறதை நான் ஒருத்தரிட்டையும் குடுக்க மாட்டன், என்ரை பிள்ளையளாணை. அவனுக்கு மட்டும் சொல்லுங்கோ." குரலில் கோபம் இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். வாயைத் திறந்தான், நகுலேசு என்று சொல்ல நாக்கு எழும்பியது, அந்த நேரம் அபிராவின் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஞாபகம் வந்தது, வாய் மூடியது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதில் முக்கால்வாசி பக்கத்து மேசைகளின் இரைச்சல்தான் பதிந்திருக்கும், கரண்டிகள், யாரோ சிரித்தது, குளிர்பானப் பெட்டியின் உறுமல். பிறகு வதனி போனை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாள். தாளை எடுத்தாள், மடங்காமல் கோப்பின் நடுவில் வைத்தாள், அது எதற்கும் உதவாது என்று இப்போது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் ஓரங்களைச் சரிபார்த்து வைத்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று மணிக்குள் சட்டத்தரணியிடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும், அவளிடம் கொண்டுபோக வேறு ஒன்றும் இருக்கவில்லை.